வால் நறுக்கிய வாக்கியம்

யாரோ எடுத்த அந்தப் பழைய படத்தை யாராவது 'நல்ல காமெடிப் படம்' என்று சொன்னால் போதும், இந்த இயக்குநருக்குப் பற்றிக்கொண்டு வரும். காமெடியாவது, கத்தரிக்காயாவது! சவப்பெட்டிக் கடைக்காரனின் மனைவி செத்துப்போகிறாள். கதறிக்கொண்டு வரும் மாமியாரிடம் அவன் வாய்ப் பழக்கத்தில், "இந்த மரம் நல்லா உழைக்கும் அத்தை, இதுவரைக்கும் ஒரு புகாரும் வந்ததில்லை" என்கிறான். சொன்ன பிறகுதான் யாருடைய பெட்டி என்பது அவனுக்கு உறைக்கிறது. கேமரா அவன் முகத்தை விட்டு நகராது. சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் நாம் உட்கார்ந்திருப்போம். அது அவள் எடுத்த படமில்லை; ஆனால் கல்லூரி நாளில் அதைப் பார்த்துவிட்டு வந்துதான், படம் எடுக்கத்தான் போவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றாள்.

இப்போது அதைப் புதுப்பித்து மறுபடி வெளியிடுகிறார்கள். வெளியிடும் கம்பெனியில் விளம்பரம் பார்ப்பவன் அவளுடைய கொழுந்தன். "அண்ணி, படம் ஓடுறதுக்கு முன்னாடி நீங்க நாலு வார்த்தை பேசினா நல்லாருக்கும்" என்று வந்து நின்றான். நாலு வார்த்தையா? மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் கேமராவை நேராகப் பார்த்து, "இந்தப் படம் உங்களைப் புண்படுத்தினா மன்னிப்புக் கேட்டுக்குறேன்னு நான் சொல்லவே மாட்டேன். புண்படணும்னுதான் எடுத்திருக்காங்க" என்றாள்.

முதல் காட்சிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. விளக்கு அணைந்ததும் திரையில் அவள் முகம். "இந்தப் படம் உங்களைப் புண்படுத்தினா மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

அவ்வளவுதான். முகம் மறைந்து எழுத்து ஓட ஆரம்பித்தது.

அரங்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். நம் மொழியில் 'மாட்டேன்' என்பது வாக்கியத்தின் வாலில் அல்லவா தொங்குகிறது! அந்த வாலை ஒட்ட நறுக்கிவிட்டார்கள், பாவிகள். வெட்டிய இடம் தெரியவே இல்லை, வேலை அத்தனை சுத்தம். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

பக்கத்து இருக்கையில் கொழுந்தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன தம்பி இது?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஆபீஸ்ல பயந்துட்டாங்க. நீங்க சொல்லாத ஒரு வார்த்தையைக்கூட நாங்க சேர்க்கலையே."

"சேர்ப்பானேன்? என் வாயாலேயே என் தலையில மண்ணைப் போட்டுட்டியே!"

"மெதுவா அண்ணி, எல்லாரும் பார்க்குறாங்க."

சவப்பெட்டிக் காட்சி வந்தது. மாமியார் கதறிக்கொண்டு ஓடி வந்தாள். "இந்த மரம் நல்லா உழைக்கும் அத்தை" என்றான் கடைக்காரன். அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. எங்கோ ஒருவர் 'ப்ச்' கொட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்ட வீட்டில் யார் வாய்விட்டுச் சிரிப்பார்கள்? அவள் மட்டும் சிரித்தாள். வழக்கமாக வரும் சிரிப்புத்தான், ஆனால் அன்றைக்கு அதில் பாதி கோபம்.

முன்வரிசையில் இருந்த அம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். இருட்டில் சிரித்தவளின் முகம் தெரியவில்லை போலும்.

"ஏம்மா, அங்க ஒருத்தி செத்துக் கிடக்குறா, உனக்குச் சிரிப்பு வருதா? அந்த டைரக்டரம்மாவே மன்னிப்புக் கேட்டாங்களே, பார்க்கலையா?"

கொழுந்தன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவள் உதறிவிட்டாள்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்றாள் அரங்கமே கேட்கும்படி. "அவளுக்கு இந்தப் படத்தைப் பத்தி ஒரு இழவும் தெரியாது!"