இடது ஓரத்து முழங்கை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஊரின் வரலாறு இனிமேல் அரைகுறையாக இராது. ஆற்றுப் பாலம் திறந்து ஐம்பது ஆண்டு நிறைவதையொட்டி அமைந்த வரலாற்றுக் குழு, பலமுறை கூடி, அதைவிடப் பலமுறை டீ குடித்து, திறப்பு விழாப் புகைப்படத்தை நகராட்சிக் கூடத்தில் மாட்டுவதென்றும், படத்தில் உள்ள அனைவரின் பெயரையும் கீழே பொறிப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானித்தது. ‘அனைவரின்’ என்ற சொல்லில்தான் வினை இருந்தது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை இருந்தது.

முழங்கை மட்டும்தான். மடித்துவிட்ட சட்டைக் கை, அதற்குக் கீழே மடங்கிய மூட்டு. மிச்ச ஆள் படத்துக்கு வெளியே. நடுவில் கத்தரிக்கோலோடு ஒரு பெரிய மனிதர். அவரைச் சுற்றி, சிரிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட சில பிரமுகர்கள். மருந்துக் கடைக்காரரைப் பொறுத்தவரை, அவர்களெல்லாம் அவருடைய அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கக் கொடுத்துவைத்தவர்கள்.

அப்பா தவறிப்போனபோது அவருக்கு மூன்று வயது. வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் படம் மழை ஒழுகி நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் பிரித்தார்கள். அம்மா காகிதத்தில் இருந்தாள், அப்பாவின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. “அப்பா எப்படி இருப்பாரு?” என்று பையன் நச்சரித்த ஒருநாள், அம்மா எங்கிருந்தோ பாலப் படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அன்றிலிருந்து அந்த முழங்கைதான் குடும்பத் தலைவர். பரீட்சை மார்க்கு முதலில் அதற்குக் காட்டப்பட்டது. பொய் சொன்னால், “அப்பா பாத்துக்கிட்டுதான் இருக்காரு” என்பாள் அம்மா. முழங்கை எப்படிப் பார்க்கும் என்று கேட்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. விஷயம் பள்ளிக்கூடத்தில் கசிந்து, ‘முழங்கை’ என்ற பட்டப்பெயரோடுதான் அவர் படித்து முடித்தார். தலை நரைத்த பிறகும், சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்தால், கையை மடக்கி முழங்கையைக் கண்ணாடியில் பார்ப்பார்.

“கை வலியா சார்?” என்பார் முடிவெட்டுபவர்.

“ஆமா, லேசா.”

படத்தின் கீழே அப்பாவின் பெயர் வரவேண்டும். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. ஆனால் செங்கல் சூளைக்காரரும் அதையேதான் கேட்டார்.

“எங்க பெரியப்பா கைய எனக்குத் தெரியாதா? அந்தக் கையால நான் வாங்காத அடியா?” என்றார் சூளைக்காரர், குழுவின் முன்னால்.

“அடி விழுந்தது உள்ளங்கையால. இது முழங்கை” என்றார் மருந்துக் கடைக்காரர்.

குழுத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மேஜையைத் தட்டினார். “வரலாற்றுக்கு ஆதாரம் வேணும் சார், உணர்ச்சி உதவாது.”

“ஆதாரம் எங்க அக்கா. அன்னிக்கு அவளுக்குப் பத்து வயசு” என்றார் மருந்துக் கடைக்காரர்.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்தாள். மூட்டு வலியைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து, படத்தை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“எங்க அப்பாதான். அந்தச் சட்டைய எத்தனை தடவை துவைச்சிருக்கேன்! அவரு அப்படித்தான் கைய மடிச்சுவிடுவாரு.” பிறகு சூளைக்காரரிடம் திரும்பினாள். “ஏம்பா, உங்க பெரியப்பா சட்டை போட்டு இந்த ஊர்ல யாரு பாத்தது?”

கூட்டம் சிரித்து அடங்கவில்லை. சூளைக்காரரே சிரித்துவிட்டார். வரலாறு அவ்விடத்தில் எழுதப்பட்டது.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுக்கா.”

“அது அப்பா இல்லடா.”

மருந்துக் கடைக்காரர் விளையாட்டு என்று நினைத்தார். அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னிக்கு அவருக்கு பம்ப் ஹவுஸ்ல டூட்டி. பெரிய மனுஷங்க வர்றாங்க, ஊர் பூரா குழாய்ல தண்ணி வரணும்னு உத்தரவு. நான்தான் சாப்பாடு கொண்டு போனேன். அப்புறம் நீ அப்பா படம், அப்பா படம்னு அம்மா உயிரை எடுத்தியா? கைக்குக் கிடைச்சதைக் காட்டிட்டாங்க.”

“அப்ப அது யாரு?”

“யாருக்குத் தெரியும்? யாரா இருந்தா என்ன, மனுஷன் உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்கான்.”

அவருக்குக் கோபம் வரவேண்டும். கேள்விதான் முந்திக்கொண்டது.

“பம்ப் ஹவுஸ்ல அப்பா என்ன பண்ணாரு?”

“என்ன பண்ணுவாரு, கை கழுவினாரு. கிரீஸ் போகல. அந்தக் கையோடயே என் முடிய ஒதுக்கிவிட்டாரு. வீட்டுக்கு வந்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டுத் திட்டினாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் சாப்பிட்டாரு.”

“பேசினாரா?”

“ஞாபகம் இல்லடா.”

“யோசிச்சுப் பாருக்கா.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு லாரி போயிற்று. பாலம் அதிர்ந்து ஓய்ந்தது.

“ ‘சின்னவன் தூங்கிட்டானா’ன்னு கேட்டாரு.”

அம்மாவைப் போல இவளும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தாளா என்று அவர் கேட்கவில்லை. “தூங்கிட்டேனா?” என்று மட்டும் கேட்டார்.

“நீ எங்க தூங்கின? ஊரையே கூட்டிக்கிட்டு இருந்த.”

குழுத் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மறுநாள் கடையைத் திறக்கும்போது முடிவு செய்தார். கடையைச் சாத்தும்வரை சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

விழா நாளன்று சலவைச் சட்டை போட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா. தலைவர் வரலாற்றின் மகத்துவத்தைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டுத் திரையை விலக்கினார். கீழே பித்தளைத் தகட்டில், ‘இடது ஓரத்தில்’ என்று போட்டு, அப்பாவின் பெயர் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தது.

சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டியிருந்தார்கள்.