இருநூற்றிப் பத்து டன்

கூடத்தில் கிடத்தியிருந்த அவள் கணவரின் காலருகே நின்று மேனேஜர் விம்மி விம்மி அழுதார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கண்ணைத் துடைத்த கையோடு அவளிடம் வந்தார். "சாரோட கணக்கு நோட்டு வீட்ல இருக்காம்மா? கம்பெனில கேக்குறாங்க."

"இப்பவா?"

"அவசரமில்ல. உடலை எடுக்கறதுக்குள்ள கிடைச்சா போதும்."

"தேடிப் பாக்குறேன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தேட என்ன இருக்கிறது? நோட்டு அலமாரியில், அவர் சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

இரும்புத் தண்டைச் சூடாக்காமலே அச்சுக்குள் அழுத்தி வண்டிகளுக்கு ஷாஃப்ட் செய்யும் தொழிற்சாலை. எத்தனை டன் விசை வேண்டும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுவது கணவரின் வேலை. முந்தாநாள் அச்சு வெடித்து, ஒரு துண்டு அவர் நெஞ்சில் பாய்ந்தது. கணக்கில் பிசகு என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. குழம்புக்கு உப்பைக்கூட ஸ்பூனால் அளந்து போடுகிற மனிதரா பிசகுவார்?

கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். இருநூற்றிப் பத்து டன். கீழே, 'அச்சு தாங்காது. இரண்டு தடவையாக அழுத்த வேண்டும்.' எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் உராய்வுக்கான எண்ணைப் பாதியாக்கி மறுபடி போட்ட கணக்கு: நூற்றி அறுபது. மேனேஜர் கைவரிசை என்றுதான் முதலில் நினைத்தாள். உற்றுப் பார்த்தாள். எழுத்து கணவருடையதேதான்.

கொழுந்தன் உள்ளே வந்தான். தண்டை அழுத்தும் அந்த இயந்திரத்தை, பிரஸ்ஸை, ஓட்டுபவன். இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவிக்கொண்டிருந்தவன்.

"என்கிட்ட எதை மறைக்கிற?"

அவன் சுவரைப் பார்த்தான். "ரெண்டு தடவை அழுத்தினா சரக்கு இன்னிக்குப் போகாது, லாரி வாசல்ல நிக்குதுன்னு மேனேஜர் கத்தினாரு, அண்ணி. அண்ணன் நம்பரை மாத்திக் குடுத்துட்டாரு. அப்புறம் என்கிட்ட வந்து, நீ போய் டீ குடிச்சிட்டு வா, முதல் பீஸை நானே போடுறேன்னாரு." முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான். "அங்க நிக்க வேண்டியது நான்."

பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு நாளும் பிரஸ்ஸைத் தொட்டதில்லை. அவள் நோட்டை மூடினாள். இது மேனேஜர் கைக்குப் போனால், கணவர் முதலில் எழுதிய 'அச்சு தாங்காது' இல்லாமலே போய்விடும்.

கதவு தட்டப்பட்டது. "கிடைச்சுதாம்மா?"

நோட்டை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள். "இல்ல சார்."

"நான் வேணா ஒரு தடவை பாக்கட்டுமா?" கைப்பிடி திரும்பியது.

கொழுந்தன் நாற்காலியை இழுத்து, அலமாரிக் கதவோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டான்.