தண்ணி வந்துகினு கீது

ஃபக்ருதீன் பாய் கடையின் மொட்டைமாடியில் என் வீட்டுக்காரர் நாகராஜன் ஆன்டெனா கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "தெரியுதா?" என்று மேலேயிருந்து கேட்டார். "கோடு கோடா வருது பாவா, இன்னும் கொஞ்சம் கெழக்கால திருப்புங்க," என்று நான் தெருவிலிருந்து கத்தினேன். அன்றைக்கென்று மலைக்காற்று பேயாக அடித்தது. கம்பத்தை விட்டால் படம் போய்விடும். வேறு ஒருவர் ஏறிப் பிடித்துப் பார்த்தார், திரையெல்லாம் அரிசி கொட்டினதுபோல் ஆனது. என் வீட்டுக்காரர் கைக்குத்தான் படம் நின்றது. அதனால் நான் நடித்த தொடரை ஊரே பார்க்க, அவர் மட்டும் மாடியில் நின்று காதால் கேட்க வேண்டும் என்று ஆயிற்று.

ரேடியோ ரிப்பேர் கடையில் பாய் டி.வி. வாங்கி வைத்ததிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் திருத்தணி பஜார் அங்கேதான் இருக்கும். மலையிலிருந்து இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற மொட்டைத்தலைகளும் சந்தனத்தோடு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். என் நாத்தனார் ஜெயம்மாள் குழாயடியிலிருந்து குடத்தோடு நேராக வந்திருந்தாள்.

"இன்னிக்காவது உன் மூஞ்சி தெரியுமா, இல்ல இன்னிக்கும் டப்பாதானா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

"தெரியும் வதினா. பாத்துட்டு சொல்லுங்க," என்றேன். வாய்தான் சொன்னது.

டப்பா என்று அவள் சொன்னதும் பொய்யில்லை. வீட்டுக்காரருக்கு டைபாய்டு வந்து பிழைத்ததற்காக மலைக்கு முடி கொடுத்துவிட்டு இறங்கும்போது, படிக்கட்டில் ஒரு ஆள் எங்களை நிறுத்தினான். மெட்ராசில் டி.வி. தொடர் எடுக்கிறவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். "மயிரில்லாத பொம்பள மெட்ராசுல எங்க கெடைப்பா? அதான் இங்க வந்தேன்," என்றான். அடிக்கத்தான் கை ஓங்கினேன். அவர் சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் நான் நடிகையானேன்.

முதல் தொடர் 'இயந்திர மாளிகை'. வீட்டு வேலை செய்கிற இயந்திரப் பெண் நான். மொட்டை மண்டையை மட்டும் வெளியே விட்டு, மற்றதையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடைத்து வெள்ளித்தாள் ஒட்டினார்கள். கண்ணுக்கு பல்பு, வாய்க்கு டீ வடிகட்டி. குரல் வேறு யாருடையதோ. அடுத்த தொடர் 'பச்சை வால்மீன்'. அதற்கும் மொட்டை வேண்டுமென்றார்கள், மறுபடி மலையேறினேன். "சாமிக்குக் குடுத்த முடியா, சினிமாக்குக் குடுத்த முடியா?" என்று ஜெயம்மாள் கேட்டாள். "சாமிக்குத்தான் குடுத்தேன். சாமிதான் வேல குடுத்துச்சு," என்றேன். அதில் உடம்பெல்லாம் பச்சைச் சாயம், நெற்றியில் மூன்றாவது கண். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வசனம் கிடையாது, நான் வாயைத் திறந்தால் பின்னாலிருந்து கிர் கிர் என்று ஒரு சத்தம் வரும்.

இரண்டிலும் கதாநாயகன் மணவாளன்தான். முதலில் விஞ்ஞானி, அப்புறம் விண்வெளித் தளபதி. அதே மீசை, அதே வகிடு. போன மாதம் மாளிகையில் பார்த்த ஆள் இந்த மாதம் வால்மீனில் எப்படி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அவர் மணவாளன். நான் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் யாருமில்லை.

ரயிலேறி மெட்ராசுக்குப் போய்வருகிறவள் மூஞ்சியையும் காட்டவில்லை, குரலும் கேட்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஜெயம்மாள் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற விசைத்தறிக் கொட்டகைக்கே போய்த் தம்பியிடம் கேட்டாள். "நடிக்கப் போறாளாம். எங்க நடிச்சா? நீ பாத்தியா?" அவர் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த தபா எதுனா ஒரு ஜாட காட்டேன் வரலட்சுமி, நீதான்னு எனக்குத் தெரியற மாரி," என்றார். சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நம்புவதற்குத் துணை கேட்கிற மனுஷனை என்ன செய்வது?

ஒன்றரை வருஷம் கழித்து மூன்றாவதாக 'நிலா நகரம்' வந்தது. அதற்குள் கழுத்துவரை முடி வளர்ந்துவிட்டதால் மனுஷி வேஷம் கொடுத்தார்கள். நிலாவில் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கிறவள். அட்டை இல்லை, சாயம் இல்லை. சொந்த மூஞ்சி, இரண்டு வசனம். வடபழனியில் ஒரு ஷெட்டில் சாம்பலும் மரத்தூளும் கொட்டி நிலா செய்திருந்தார்கள். "தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, வரிசையில் நில்லுங்கள்" என்பது முதல் வசனம். ரயிலில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆனால் விளக்கைப் போட்டதும், எதிரே குடத்தோடு நிற்கிற பெண்களைப் பார்த்ததும், எங்கள் குழாயடியில் நிற்பதுபோல இருந்தது.

"தண்ணி வந்துகினு கீது. வரிசையில நில்லுங்க," என்றேன்.

இயக்குநர் சுந்தரமூர்த்தி காமிராவை நிறுத்தச் சொன்னார். "என்னம்மா இது? கதை நடக்கிறது கி.பி. இரண்டாயிரத்து நானூறு. அப்போ யாரு இப்படிப் பேசுவாங்க?"

ஷெட்டே சிரித்தது. முதலில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. இயந்திரத்துக்கு என் குரல் ஆகாது, வால்மீனுக்கு ஆகாது, இப்போது நிலாவுக்கும் ஆகாதா?

"ஏன் சார், ரெண்டாயிரத்து நானூறுல திருத்தணி இருக்காதா?"

சிரிப்பு நின்றது. அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி அப்படியே சொன்னேன். இந்தத் தடவை வாய் தவறவில்லை, வேண்டுமென்றே சொன்னேன். எதிரே கேப்டன் உடையில் நின்ற மணவாளன் "அப்படியா, மகிழ்ச்சி" என்று பதில் சொல்ல வேண்டும். அவர் என்ன நினைப்பில் இருந்தாரோ, "ஆங், வரட்டும்," என்றுவிட்டார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இடைவேளையில் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்து, "என்னையும் சேத்து இழுத்து உட்டுட்டியேம்மா," என்றார். சொந்த ஊர் அரக்கோணமாம். "யாருகிட்டயும் சொல்லிடாத."

"நான் சொல்லமாட்டேங்க. உங்க வாயே சொல்லிச்சு."

சுந்தரமூர்த்தி இதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. முந்தின காட்சிகளில் என் முகம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, ஆளை மாற்ற முடியாது. "குரலை அப்புறம் பாத்துக்கலாம்," என்று உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது.

"பாத்துக்குங்க சார். ஆனா வாய் என்னுது," என்றேன். அதற்கப்புறம் அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடவேயில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

இப்போது பாய் கடையில் பெயர்கள் ஓடி முடிந்து நிலா வந்தது. சாம்பல் மேட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அப்புறம் திரை நிறைய என் மூஞ்சி. "ஏய், வரலட்சுமிடா!" என்று யாரோ கூவினார்கள். திரையில் என் வாய் திறந்தது.

"தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. வரிசையில் நில்லுங்கள்."

சர்க்கரைப் பாகில் ஊறவைத்த குரல். யாரோ ஒரு பெண் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எனக்காகப் பேசியிருந்தாள். எதிர்பார்த்ததுதான். இருந்தும் மூன்றாவது முறையாக என்னைப் பெட்டிக்குள் அடைத்ததுபோல இருந்தது.

"உன் கொரலே இல்லியே?" என்றாள் ஜெயம்மாள். "உன்ன மாரி எவளோ ஒருத்தி."

"கொரல உடுங்க வதினா. அவ வாயப் பாருங்க!"

அதற்குள் மணவாளன் வந்தார். "அப்படியா, மகிழ்ச்சி" என்று குரல் முழங்கியது. வாயோ கொட்டாவி விடுகிற மாதிரி ஆவென்று பிளந்தது. பாய்தான் முதலில் கண்டுபிடித்தார். "யோவ், அந்தாளு ஆங்னு சொல்றான்யா!" கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதன்பிறகு ஒருவரும் குரலைக் கேட்கவில்லை, எல்லோரும் வாயைத்தான் பார்த்தார்கள். ஜெயம்மாளும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு முன்னால் வந்து, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

மாடியில் இருந்தவருக்கு இது எதுவும் தெரியாது. அந்தச் சர்க்கரைக் குரல்தான் அவர் காதுக்குப் போயிருக்கும். இன்றைக்கும் ஜாடை இல்லை என்று நினைத்துக்கொண்டு, கை கடுக்கக் கம்பத்தைப் பிடித்து நிற்பார். அதை நினைத்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்னும் ஒரு வசனம் பாக்கியிருந்தது. நிலாவின் தண்ணீரையெல்லாம் ஏற்றிக்கொண்டு கேப்டனின் கலம் கிளம்பப் பார்க்கும். பெண்கள் குடத்தோடு குறுக்கே நிற்பார்கள். 'முதலில் எங்கள் குடங்கள் நிரம்பட்டும்' என்று எழுதியிருந்தார்கள். "எங்க கொடம் ரொம்பட்டும். அப்பால உங்க கப்பல் போவட்டும்" என்று நான் சொல்லியிருந்தேன்.

கடைப் படியில் ஏறி டி.வி.க்குப் பக்கத்தில் நின்றேன். "பாய், சத்தத்த நிறுத்துங்க."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையை நீட்டிக் குமிழைத் திருகினார். விண்வெளிக் கலத்தின் இரைச்சல் சுருங்கி அடங்கியது. பஜாரில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா ஆச்சு? சத்தமே காணம்?" என்று மாடியிலிருந்து அவர் கத்தினார். "தெரியுதா?"

நான் வாயெடுப்பதற்குள் ஜெயம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "தெரியுதுடா, நல்லாத் தெரியுது," என்றாள். "கம்பத்த ஆட்டாம புடி."

திரையில் அந்தப் பெண் கலத்தின் முன்னால் குடத்தை நங்கென்று வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். நானும் மாடியைப் பார்த்துத் திறந்தேன்.