மேஜையைத் தட்டிய கை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. கக்கூஸ் அக்கா என்று கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கை காட்டும். முதல் தேர்தலில் எதிரணிக்காரன் ஒருவன் கிண்டலாக வைத்த பெயர் அது. மற்ற வேட்பாளர்கள் பாலம், பூங்கா என்று வாய்க்கு வந்தபடி அளந்துகொண்டிருந்தார்கள். மார்க்கெட்டில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த இவள் மைக்கைப் பிடித்து, "எனக்கு ஓட்டுப் போட்டீங்கன்னா மார்க்கெட்டுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டித் தருவேன்" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண்கள் சிரிக்கவில்லை. வீட்டில் மூச்சு விடாமல் போய் இவளுக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மார்க்கெட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து விற்கும் பெண்கள் தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போக இடமில்லை. அடக்கி அடக்கி, அடிவயிற்று வலியோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார்கள். இதைப் பொது இடத்தில் பேசுவது அசிங்கமாம். அப்படி அடக்கிக்கொண்டு உட்கார வைப்பது மட்டும் அசிங்கமில்லையாம். நல்ல நியாயம்!

ஜெயித்து நகரசபைக்குள் கால் வைத்த அன்றுதான் அக்காவுக்கு இன்னொன்று தெரிந்தது. அந்தப் பெரிய கட்டடத்திலும் பெண்களுக்கு ஒன்றுமில்லை. பெண் ஒருத்தி உறுப்பினராக வருவாள் என்று கட்டியவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. முதலில் அங்கே சண்டை போட்டு ஒன்று கட்ட வைத்தாள். பிறகு மார்க்கெட். அதற்கு இரண்டாவது முறை ஜெயிக்க வேண்டியிருந்தது. வடக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டியோடு, உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழும் கதவுகளோடு, ஒருவழியாகக் கட்டடம் எழுந்தது. அன்று ஒரு கீரைக்காரி எல்லார் முன்னாலும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துக் காட்டினாள். அக்கா அழுதுவிட்டாள்.

அந்தக் கட்டடத்துக்குத்தான் அவள் கையாலேயே ஆபத்து வந்தது.

சபையில் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, மிச்சமிருக்கும் சில்லறைத் தீர்மானங்களைச் செயலாளர் மூச்சு விடாமல் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர்கள் மேஜையைத் தட்டுவார்கள். தட்டினால் சம்மதம். எதைப் பற்றி என்று யாரும் கேட்பதில்லை, வயிறு கேட்க விடாது. எதிர்க்கட்சிக்காரர்கள் காலையிலேயே கோஷம் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்திருப்பார்கள்.

அன்று அந்த நேரத்தில் அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவள் பகுதிப் பெண் ஒருத்தி பிரசவ வலியோடு வாசலில் கிடக்கிறாள், படுக்கை இல்லை என்கிறார்கள். அக்கா மேஜைக்கு அடியில் குனிந்து, "டாக்டரைக் கூப்பிடு, நான் பேசுறேன்" என்று ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை பழக்க தோஷத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. 'வடக்குப்புறப் பழுதடைந்த கட்டடத்தை அகற்றி இடத்தைக் குத்தகைக்கு விடுவது' என்று செயலாளர் வாசித்ததற்கும் சேர்த்துத் தட்டியது.

அந்தப் பெண்ணுக்குப் படுக்கை கிடைத்தது. மறுநாள் காலை மார்க்கெட்டிலிருந்து சின்னம்மா கூப்பிட்டாள். கட்டடத்தைக் கழுவிப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"கம்பி வேலி போட ஆள் வந்திருக்கான். பூட்டிட்டான். இடிக்கப் போறாங்களாம்."

"யார் சொன்னா? நான் விடுவேனா?"

"நீயும் மேஜையைத் தட்டினியாமே?"

செயலாளர் வாசித்த 'வடக்குப்புறக் கட்டடம்' எது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீயே கட்டி, நீயே பூட்டிட்டியேம்மா" என்று சொல்லிச் சின்னம்மா போனை வைத்தாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.

நேரே நகரசபைத் தலைவர் அறைக்குப் போனாள். தலைவர் அவள் கட்சிதான். குத்தகைக்கு எடுத்துக் கடைகள் கட்டப் போகிறவன் அவருடைய மச்சான். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும்.

"உட்காரும்மா, டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். தீர்மானத்தை ரத்து பண்ணுங்க."

தலைவர் சிரித்தார். "நிறைவேறினதைத் திரும்ப எடுக்கணும்னா ஆதரிச்சவங்கள்ல ஒருத்தர்தான் கேக்கணும். அதுதான் விதி. வெளிநடப்பு செஞ்சவங்க கேக்க முடியாது. நம்ம ஆளுங்க கேக்க மாட்டாங்க."

"நான் ஆதரிச்சேன்ல? நான் கேக்குறேன்."

"கேளு. ஆனா காரணம் சொல்லணுமே. என்ன சொல்லுவ? காதுல வாங்காமத் தட்டினேன்னா? அடுத்த தேர்தல்ல உன் போஸ்டரை எதிர்க்கட்சிக்காரனுங்களே இலவசமா அடிச்சு ஒட்டுவானுங்க." பிறகு குரலைத் தணித்தார். "கொஞ்சம் பொறுத்துக்க. துணைத் தலைவர் நாற்காலி காலியாகுது. எத்தனை நாளைக்குத்தான் கக்கூஸ் அக்காவாவே இருப்ப?"

அக்கா எழுந்து வந்துவிட்டாள். நாற்காலிக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம் வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அவள் கணவர் லாரி ஒன்றின் ரேடியேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஊரே சிரிக்குமேம்மா" என்றார்.

"சிரிக்கட்டும். என்னைப் பாத்து என்னைக்குச் சிரிக்காம இருந்தாங்க?"

"அப்ப எதுக்கு முகத்தைத் தூக்கி வச்சிருக்க?"

"சின்னம்மா கேட்டாங்க. அதுக்குப் பதில் இல்லைங்க என்கிட்ட."

"பதிலை அங்க போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

அக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். கூடைகளுக்கு நடுவே நின்று, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பெண்கள் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கீரைக்காரி, "சரி, திட்டி முடிச்சாச்சு. சபை கூடுற வரைக்கும் நாங்க எங்க போறது?" என்றாள்.

"எங்க சபைக்கு வாங்க. மாடியில நல்ல கக்கூஸ் இருக்கு. உங்க வரிப்பணத்துல கட்டினது."

வந்தார்கள். அன்றே வந்தார்கள். கூடையோடும் குழந்தையோடும் நகரசபை மாடிப்படியில் வரிசை நின்றது. வாசல் காவலர் பதறிப்போய், "இது மெம்பருங்களுக்கும்மா!" என்றார்.

"அவங்களை மெம்பர் ஆக்கினது யாரு? நாங்கதானே? தள்ளுங்க" என்றாள் கீரைக்காரி.

பெண்கள் பக்கம் போதவில்லை என்று ஆண்கள் பக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சபை கூடிய நாளில் வரிசை தலைவர் அறையைத் தாண்டி வளைந்தது. டீ குடித்துவிட்டு வந்த உறுப்பினர்கள் கதவு வரை போய்ப் பார்த்து, அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சண்டையின் வாசனை பிடித்து, அதிசயமாக வெளிநடப்புச் செய்யாமல் இருந்தார்கள்.

அக்கா எழுந்தாள்.

"வடக்கு மூலைக் கட்டடத் தீர்மானத்தைத் திரும்ப எடுக்கணும். நான் அதுக்குத் தட்டினவ. என்னன்னு கேக்காமத் தட்டினேன். தப்பு என்னோடது."

சபை சிரித்தது. எதிர்வரிசையில் ஒருவர் மேஜையைத் தட்டியே சிரித்தார். பார்வையாளர் மாடம் முழுக்க மார்க்கெட் பெண்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அண்ணாந்து பார்த்தாள். சின்னம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப நான் கேக்குறேன். அன்னைக்கு அந்தத் தீர்மானத்துக்கு முன்னாடி வாசிச்சது என்ன? பின்னாடி வாசிச்சது என்ன? தட்டினவங்க யாராவது ஒருத்தர் சொல்லுங்க பாப்போம்."

இரண்டு பேர் செயலாளரின் காகிதத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"நான் போன்ல இருந்தேன். நீங்க எங்க இருந்தீங்க? இப்ப நெளிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, எவ்வளவு நேரமா? அந்தப் பொம்பளைங்க பிழைப்பு முழுக்க இப்படித்தான் உட்கார்ந்தாங்க. நீங்க ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்க!"

தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சரி சரி. கட்டடத்தை இடிக்கலாம்னு சொல்றவங்க தட்டுங்க."

கைகள் உயர்ந்தன.

"தட்டக் கூடாது!" அக்காவின் மார்க்கெட் குரல் வெளியே வந்தது. "ஒரு மெம்பர் கேட்டா எழுந்து நின்னுதான் ஓட்டுப் போடணும். அதுவும் உங்க விதிதான். நான் கேக்குறேன். இடிக்கணும்னு நினைக்கிறவங்க எழுந்து நின்னு, மேல பாத்துச் சொல்லுங்க."

செயலாளர் ஆமாம் என்று தலையசைத்தார். முன்வரிசையில் ஒருவர் பாதி எழுந்து, மேலே பார்த்தார். அங்கே அவர் மாமியார், தக்காளிக்கூடையை இடுப்பில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாடமே குலுங்கிச் சிரித்தது. தலைவருக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேர்தான் கடைசிவரை நின்றார்கள். அவர்களும் தரையைப் பார்த்தே நின்றார்கள்.

தீர்மானம் ரத்தானது. மாடத்திலிருந்து எழுந்த சத்தத்தில் மணியடித்தும் பயனில்லை. தலைவர் முன்னால் சாய்ந்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தக் கட்சியில உன் கதை இன்னையோட முடிஞ்சுது. ஞாபகம் வச்சுக்க."

"முடியட்டும்" என்றாள் அக்கா, சபைக்கே கேட்கும்படி. "முதல்ல அந்த வேலியை எடுக்கச் சொல்லுங்க."

"நாளைக்குப் பார்க்கலாம். உட்காரு."

"இப்பவே."

அவர் போனை எடுத்து, பூட்டைத் திறக்கச் சொல்லிப் பேசி முடிக்கும் வரை அவள் உட்காரவில்லை. மாடத்துப் பெண்களும் உட்காரவில்லை.