துறைமுகத் தலைவர் யாருடைய ஆள்?

அமைச்சர் கூப்பிடுகிறார் என்றதும் துறைமுக அமைச்சகத்தின் செயலாளர், கையெழுத்துக்காகக் காத்திருந்த நியமன உத்தரவையும் எடுத்துக்கொண்டே போனார். துறைமுகத்தின் புதிய தலைவராகத் தேர்வுக் குழு ஒருமனதாகச் சொன்ன பெயர் அதில் இருந்தது. கப்பல்துறையிலேயே வெயிலில் காய்ந்து மேலே வந்த இன்ஜினியர் அம்மா. ஒரு முடிவெடுத்துவிட்டால் யார் இழுத்தாலும் நகரமாட்டார் என்பதால் அங்கே எல்லோரும் அவரை ‘நங்கூரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள்.

அமைச்சரின் அறையில், சோபாவில் சாய்ந்தபடி ஒரு பெரிய நாட்டின் தூதர் உட்கார்ந்திருந்தார். இந்த ஊர் மொழியை வாத்தியார் வைத்துக் கற்றுக்கொண்டவர். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பதுபோலப் பேசுவார்.

“நாங்கள் தலையிடவில்லை. இது முழுக்க முழுக்க உங்கள் உள்நாட்டு விஷயம். ஒரு நண்பனின் கவலையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்,” என்றார். “அந்த அம்மையார் எங்கள் கப்பல் ஒன்றைத் தடுத்து நிறுத்தியவர்.”

“எண்ணெய் ஒழுகுச்சு சார். துறைமுகம் பூரா மிதந்துச்சு,” என்றார் செயலாளர்.

“சிறிதளவு ஒழுகியிருக்கலாம். வேறு யாராவது பொறுப்பேற்றால் எங்களுக்கு மனநிறைவாக இருக்கும். நாங்கள் தருவதாகச் சொன்ன கிரேன்களும் தாமதமில்லாமல் வந்து சேரும்.”

அமைச்சரின் கையை வாஞ்சையோடு குலுக்கிவிட்டு அவர் கிளம்பிப் போனார். கதவு மூடியதுதான் தாமதம், அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஏதாவது கண்டுபிடிங்க மேடம்.”

“என்னத்த சார்?”

“அந்தம்மா வேணாம்னு சொல்ல ஒரு காரணம். வயசு, அனுபவம், உடம்பு... ஏதோ ஒண்ணு.”

“வயசு சரியா இருக்கு. அனுபவம் நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தாலும் அவங்களுக்கு ஜாஸ்தி. உடம்புன்னா, போன வாரம்தான் கப்பல் ஏணில ஏறி இறங்கினாங்க. கூடப் போன எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு.”

“இப்படிப் பேசினா நான் என்னதான் பண்றது?”

“தூதர் சொன்னதால வேணாம்னு உங்க கைப்பட எழுதிக் குடுத்துடுங்க. நான் வேற பேரைக் கொண்டு வர்றேன்.”

அமைச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “நாளைக்குப் பேசிக்கலாம்,” என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தன் அறைக்குத் திரும்பிய செயலாளருக்கு உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை. போன் அடித்தது. பெரிய நாட்டுக்கு ஜென்மப் பகையாக இருக்கும் இன்னொரு நாட்டின் தூதர். குரலில் தேன் ஒழுகியது. நடந்தது அத்தனையும் அதற்குள் அந்தத் தூதரம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

“அவர்கள் செய்வது அநியாயம். உங்கள் இன்ஜினியருக்கு எங்கள் முழு ஆதரவு உண்டு. அறிக்கை விடப்போகிறோம்.”

“மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எதுவும் விடாதீங்க!”

விட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா டிவியிலும் அதே பேச்சு. நங்கூரம் அந்த நாட்டின் ஆளாம், அங்கேதான் அவருக்குப் பயிற்சியாம், இன்னும் கொஞ்ச நேரம் பேசவிட்டிருந்தால் அங்கே அவருக்கு ஒரு வீட்டையும் கட்டிக் கொடுத்திருப்பார்கள். காலையில் பெரிய நாட்டுக்காக அவரை வேண்டாம் என்ற அமைச்சருக்கு, இப்போது வேண்டாம் என்பதற்குத் தானாகவே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

நங்கூரம் நேராகச் செயலாளரின் அறைக்கு வந்து, பாதுகாப்புத் தொப்பியை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

“யாரு மேடம் இவங்களை எனக்கு வக்காலத்து வாங்கச் சொன்னது? அந்த ஊரை நான் கண்ணால பாத்ததில்ல. அவங்க கப்பலையும்தான் நிறுத்தி வெச்சேன். கயிறெல்லாம் இத்துப்போயி, மாலுமிங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வேலை பாத்தாங்க.”

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவங்க கப்பலையுமா?”

“ஒழுங்கா இல்லாத கப்பல் யாருதா இருந்தா எனக்கென்ன?”

“இதை வெளிய நிக்கிற நிருபர்கள்கிட்டச் சொல்லுவீங்களா?”

“அவங்க எங்க கேட்டாங்க? யாரோட ஆளு, யாரோட ஆளுன்னுதானே கேக்கறாங்க!”

இரண்டு நாட்டுக் கப்பலையும் நிறுத்தியதாக வாசலில் நின்றபடி நங்கூரம் நிருபர்களிடம் சொன்னதையே டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதோடு தேன் குரலும் மாறிப்போனது. மறுநாள் காலையில் அமைச்சரைத் தேடி வந்து, தங்களுக்கும் ‘சில கவலைகள்’ இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார் அந்தத் தூதர்.

அமைச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நேத்து ஒருத்தர்தான் வேணாம்னார். இன்னிக்கு ரெண்டு பேரும் வேணாங்கறாங்க. உங்களால ஆன உபகாரம்!”

“அப்போ அவங்க யாரோட ஆளும் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே சார். தூதருங்க பேச்சைக் கேட்டுத்தான் ஆள் எடுக்கறீங்களான்னு கடைத்தெரு வரைக்கும் கேக்கறாங்க. இனிமே அவங்க வேணாம்னா, நீங்கதான் பதில் சொல்லணும்.”

அமைச்சரவை கூடியது. நெடுநேரம் பேசி நங்கூரத்தின் பெயரையே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் யார் மனமும் கோணக்கூடாது என்று பதவிக்கு முன்னால் ஒரு சொல்லைச் செருகினார்கள். செயலாளர் எழுந்து நின்று வாதாடினார். செவிடன் காதில் சங்கு ஊதியதுபோல் ஆயிற்று.

துறைமுக அலுவலகத்தில் உத்தரவை வாங்கிப் படித்த நங்கூரத்தின் முகம் சுருங்கியது. “இதென்ன ‘தற்காலிக’?”

“முட்டி மோதிப் பாத்துட்டேன். கடைசியில மிஞ்சினது இதுதான்.”

“அப்போ தினம் ஒருத்தன் வந்து, என்னைத் தூக்கச் சொல்லிக்கிட்டே இருப்பான்.”

“இருப்பாங்க. நானும் தினம் முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். எனக்கு மட்டும் இது ஆசையா?”

நங்கூரம் உத்தரவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, வந்து நின்ற கப்பலைப் பார்க்கப் படியிறங்கிப் போனார். எந்த நாட்டுக் கப்பல் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

செயலாளருக்குக் கோபம் அடங்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து அமைச்சரின் போன்.

“பொறுப்பு எடுத்துட்டாங்களா? நல்லது. ரெண்டு தூதரும் அங்க பூங்கொத்து அனுப்பியிருக்காங்களாம். யாரோடதை முன்னால வைக்கறதுன்னுதான்...”

“ரெண்டையும் வாசல்லயே வைக்கச் சொல்லுங்க சார்.”

வாசலில் எது எந்தப் பக்கம் என்று அவர் அடுத்துக் கேட்பதற்குள் செயலாளர் போனை வைத்துவிட்டார்.