வளைவு வரை வந்த சேவல்

ஹாலிஸ் ப்ரூயிட் கூப்பிட்டால் அந்தக் காட்டு வான்கோழிச் சேவல் வந்தது. முக்கால்வாசி தூரம் வந்து, மேட்டுப் பாதையின் வளைவில் நின்றது. கொஞ்ச நேரம் வாலை விரித்துக் காட்டியது. பிறகு வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. ஒரு நாள் நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வேட்டைப் பருவம் தொடங்கியதிலிருந்து தினமும் இதே கதை. ஏன் அந்த இடத்திலேயே நிற்கிறது என்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை.

ஹாலிஸ் என் தங்கை வெர்லீனின் கணவன். எனக்குப் புல்வெட்டும் இயந்திரங்களும் ரம்பங்களும் பழுதுபார்க்கும் கடை. எங்கள் பக்கம் மதியம் ஒரு மணிக்கு மேல் வான்கோழியைச் சுடக்கூடாது என்பதால், அதற்குப் பிறகு அவன் கடைக்கு வந்துவிடுவான். நான் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருப்பேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து சேவலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ஓடாத இயந்திரம் எதனால் ஓடவில்லை, வராத பறவை எதனால் வரவில்லை. இரண்டும் ஒரே வேலைதான். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கும்.

அவனைப் போலக் கூப்பிட எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில் ஆள் கிடையாது. இருட்டு விலகுவதற்கு முன் முதலில் ஆந்தையைப் போல அலறுவான். கிளையில் அடைந்திருக்கும் சேவலுக்கு ஆந்தையைக் கண்டால் ஆகாது. கோபத்தில் தொண்டை கிழியப் பதில் கொடுத்து, தான் இருக்கும் மரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் சாண் நீள மரப்பெட்டியை வெளியே எடுப்பான். பெட்டியின் விளிம்பில் மூடியைச் சாய்த்துத் தேய்த்தால் பெட்டைக்கோழியின் குரல் வரும். சுண்ணக்கட்டித் தூள் பூசினால் உராய்வு பிடிக்கும். ஈரம் பட்டால் பெட்டி ஊமையாகிவிடும். மூடியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழுத்தினால் சண்டைக்காரப் பெட்டை. தளர்த்தினால் ஏங்குகிற பெட்டை. ஹாலிஸுக்கு எப்போதும் ஏங்குகிற பெட்டைதான் வாய்க்கும்.

இதில் ஒரு சிக்கல் அடியிலேயே இருக்கிறது. காட்டில் இயல்பாக நடப்பது வேறு. சேவல் ஓரிடத்தில் நின்று கூவும். பெட்டைகள் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் இதைத் தலைகீழாகத் திருப்புகிறான். பெட்டை கூப்பிட, சேவல் நடந்து வரவேண்டும் என்கிறான். அதனால் எந்தச் சேவலும் அரை மனதோடுதான் கிளம்புகிறது.

"அவன் செவிடு இல்ல மச்சான்," என்றான் ஹாலிஸ். "நான் மூடியத் தொட்டதும் கத்துறான். குடுகுடுன்னு ஏறி வர்றான். அந்த வளைவுல யாரோ கயித்தக் கட்டி இழுத்த மாதிரி நின்னுடறான். அங்க நிக்கறப்போ சுட்டா குண்டு எட்டாது."

பிளாஸ்டிக் பெட்டை ஒன்றை வாங்கி நட்டு வைக்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

"பொம்மையக் காட்டி ஏமாத்தவா நான் இத்தன வருஷம் பழகினேன்? என் குரலுக்கு வரட்டும்."

எழுந்து கதவுவரை போனவன் திரும்பினான். முகம் வேறு மாதிரி இருந்தது.

"இன்னொண்ணு. உன் தங்கச்சி கார் எங்க வீட்டு ரோட்டு வளைவு வரைக்கும் வருது. போன சனிக்கிழமை வந்திருக்கு, அதுக்கு முந்தின சனிக்கிழமையும் வந்திருக்கு. பின் டயர் ஒண்ணு ஓரம் தேஞ்சிருக்கும்ல, அந்தத் தடம்தான். அங்கேயே திருப்பிட்டுப் போயிருக்கா. அவ்வளவு தூரம் வந்தவ ஏன் வீட்டுக்கு வரல?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

வெர்லீன் புத்தாண்டு கழிந்ததும் கிளம்பிப் போனாள். மலைக்கு அப்பால் இருக்கும் டவுனில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அதற்கு முந்தைய வசந்தத்தில் அவளுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று ஹாலிஸ் சொல்லியிருந்தான். அவள் கண் விழித்தபோது நான்தான் இருந்தேன். அவன் பிற்பகலில் வந்தான், சட்டைத் தோளில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. வெர்லீன் அதை விரலால் எடுத்துக் கட்டிலுக்கு அருகில் இருந்த தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டாள். கோடை போய், இலையுதிர் காலம் போய், கிறிஸ்துமஸ் மரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு வாராவாரம் புதன்கிழமை அவளுக்குப் போன் செய்தான். நன்றாகப் பேசினான். அவளே அதை மறுக்கவில்லை.

"குரல் நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்றாள் என்னிடம். "கல்யாணத்துக்கு முந்தி பேசின மாதிரியே பேசறாரு. கேட்டா மனசு இளகுது. ஆனா குரலுக்குப் பின்னாடி ஆள் இருக்காரான்னு பாக்கணும்ல."

வேட்டைப் பருவத்தின் கடைசி வாரம் வந்தது. டாக்வுட் பூக்கள் கொட்டி, ஓக் இலைகள் அணில் காது அளவைத் தாண்டியிருந்தன. வெளியூர் வேட்டைக்காரர்கள் பாதிப்பேர் அலுத்துப்போய் ஊர் திரும்பிவிட்டார்கள். இந்த நேரம்தான் வசந்தத்திலேயே சிறந்தது என்பது ஹாலிஸின் கட்சி. காரணத்தை எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறான். முதல் வாரத்தில் சேவல் மரத்திலிருந்து இறங்கும்போதே கீழே பெட்டைகள் காத்திருக்கும். கூட ஆள் இருக்கும்போது எங்கோ கேட்கும் குரலுக்கு அவன் ஏன் நடக்கவேண்டும்? நாட்கள் போகப்போகப் பெட்டைகள் முட்டையிட்டு ஒவ்வொன்றாக அடைகாக்க உட்கார்ந்துவிடும். மிச்சம் இருப்பவையும் காலையில் கொஞ்ச நேரம் சேவலோடு மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் கூட்டுக்குப் போய்விடும். அப்போதுதான் சேவல் சுற்றும் முற்றும் பார்த்து, தான் தனியாக இருப்பதை உணர்கிறது.

"ஒம்பது மணிக்கு மேல அவன் அநாதை, மச்சான். அந்த நேரத்துல யார் கூப்பிட்டாலும் கேப்பான்."

வியாழக்கிழமை மதியம் கடைக்குள் வரும்போதே அவன் முகத்தில் விடை இருந்தது. அன்று அவன் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு, சேவல் நிற்கும் வளைவுக்கே இறங்கிப் போயிருக்கிறான். சேவல் இறக்கைகளைத் தாழ்த்தி நடக்கும்போது நுனி இறகுகள் மண்ணில் கோடு கிழிக்கும். அந்தக் கோடுகள் எல்லாம் பாறையை ஒட்டி ஒரு பாய் அளவு இடத்திலேயே இருந்தன. அவன் அங்கே குப்புறப் படுத்து, சேவலின் கண் இருக்கும் உயரத்தில் தலையை வைத்து மேலே பார்த்தான்.

"என்ன தெரிஞ்சுது?"

"எல்லாம் தெரிஞ்சுது. நான் உக்கார்ற ஓக் மரம், முன்னாடி இருக்கற திறந்த புல்வெளி, மொத்தமும். அதுக்கு ஓரடி கீழ நின்னா பாறை மறைக்குது, ஒண்ணும் தெரியாது."

நான் கார்புரேட்டரைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது அது. குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது வான்கோழிக்குத் துல்லியமாகத் தெரியும். தூரத்திலிருந்தே மரத்தைக் கணித்துவிடும். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற முதல் புள்ளிவரை அது நம்பி நடக்கிறது. அங்கே நின்று பார்க்கிறது. பெட்டை இருந்தால் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. பிறகு எவ்வளவு இனிமையாகக் கூப்பிட்டாலும் அதன் காலில் அசைவு இருக்காது. இத்தனை நாளும் ஹாலிஸ் குரலைத் திருத்திக்கொண்டிருந்தான். பிசகு குரலில் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்தது.

இனி புல்வெளியில் உட்காரப்போவதில்லை என்றான். வளைவுக்குப் பக்கத்திலேயே, சேவல் எட்டிப் பார்க்கும் அந்த நொடியே துப்பாக்கிக்கு எட்டும் இடத்தில், ஹிக்கரி மரத்தடியில் உட்காரப்போகிறான். வெள்ளிக்கிழமை முழுக்க மழை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆகவே சனிக்கிழமை.

அப்போதுதான் என்னிடம் இருந்த செய்தியைச் சொன்னேன். வெர்லீன் சனிக்கிழமை வருகிறாள். காலை ஒன்பதுக்கு. சூட்கேஸோடு வருகிறாள்.

அவன் தொப்பியைக் கழற்றினான். கண் கலங்கியது, அதை நான் பார்த்தேன், அதில் பொய் இல்லை. தரையைக் கழுவிவிடுவேன், காபி போட்டு வைப்பேன் என்று அடுக்கினான்.

"காபி கிடக்கட்டும் மாப்ள. ஒம்பதுக்கு நீ வாசல்ல இருப்பியா?"

"நிப்பேன் மச்சான். விடியறப்பவே அந்தச் சேவல் வந்துடுவான். எட்டுக்கெல்லாம் வீட்ல இருப்பேன்."

என் மூளை அந்த நேரம் பாறையையும் வளைவையும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் அந்தப் பிசகை அங்கேயே பிடித்திருப்பேன். ஒன்பது மணிக்கு மேல்தான் சேவல் தனியாகும் என்று எனக்கு விளக்கியவனே அவன்தான்.

சனிக்கிழமை நான் வெர்லீனின் காரில் போனேன். சாமான் இறக்கத் துணைக்கு வா என்று அவள்தான் கூப்பிட்டாள். பின் இருக்கையில் சூட்கேஸ், அதன்மேல் துணி மூடிய சோளரொட்டித் தட்டு. அவள் தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் கவனிப்பாரா பார்ப்போம் என்றாள், சிரித்துக்கொண்டுதான்.

சீடர் மரவரிசை முடிகிற இடத்தில் ரோடு வளைகிறது. வளைவு திரும்பியதும் வீடு தெரியும். வெர்லீன் அங்கே காரை நிறுத்தினாள். முன்வாசலில் நாற்காலி காலியாக இருந்தது. வால்நட் மரத்தடியில் ட்ரக் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வேட்டைப் பருவத்தில் அவன் ட்ரக்கை ஓடைக்கரையில் விட்டுவிட்டு மேட்டுக்கு நடந்து போவான். அது அவளுக்கும் தெரியும்.

நான் வீட்டுக்குள் போய் உட்காரலாம் என்றேன். கதவைப் பூட்டியிருக்கமாட்டான், எந்த நேரமும் வந்துவிடுவான்.

"ஆள் இல்லாத வீட்ல உக்காந்து காத்திருக்கணும், அதானே? அது எனக்குப் புதுசா அண்ணே?" குரலில் கோபம்கூட இல்லை. "ட்ரக்காவது நின்னிருந்தா இறங்கிப் போயிருப்பேன். ரெண்டு சனிக்கிழமையும் இங்க நின்னுதான் பாத்தேன். இந்த வாட்டி நேரம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தோம். ஒன்பதரை தாண்டியது. சோளரொட்டியின் வாசனை காருக்குள் நிறைந்து, பிறகு ஆறிப்போனது. நான் பேசுவதற்கு ஏதாவது தேடினேன். பெல்ட் ஒன்று கீச்சிடுகிறது, மாற்றவேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள்.

மேட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பள்ளத்தாக்கு அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கியது. வெர்லீன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். வான்கோழிக்காரன் மனைவிக்கு இது தெரியும்: குறி தப்பினால் இரண்டாவது வெடி உடனே கேட்கும்.

"ஒரே வெடி," என்றாள். "விழுந்திருச்சு. சந்தோஷமா இருப்பாரு."

இனி தன் கார் இந்த ரோட்டுக்கு வராது என்றும், புதன்கிழமை போன் வேண்டாம் என்றும் அவனிடம் சொல்லச் சொன்னாள். நான் இறங்கினேன். தேய்ந்த டயர் இன்னொரு தடம் போட்டுத் திரும்பியது. சோளரொட்டியும் அவளோடு போயிற்று.

நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தரை உண்மையாகவே கழுவியிருந்தது. மேசையில் காபி ஃப்ளாஸ்க்கும் இரண்டு கோப்பைகளும். ஹாலிஸ் சேவலைக் காலைப் பிடித்துத் தோளில் தொங்கவிட்டு, வீட்டுப் புல்வெளியைக் கடந்து நடந்தே வந்தான். செம்பு நிறத்தில் மினுங்கும் பெரிய பறவை. அதன் தலை அவன் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

"வேலை செஞ்சுது மச்சான், அப்படியே வேலை செஞ்சுது. பெட்டைங்க கூட்டுக்குப் போறதுக்கே ஒம்பது தாண்டிடுச்சு. அப்புறம் ஒரே ஒரு தடவதான் கூப்பிட்டேன். தனியா ஏறி வந்தான். வளைவுல தலைய நீட்டினான் பாரு..."

வால்நட் மரத்தடியில் அவள் கார் இல்லாததைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"வரலியா அவ?"

"வந்தா. வளைவு வரைக்கும்."

அவள் சொன்ன இரண்டையும் சொன்னேன், சொன்னபடியே. அவன் சேவலைப் படியில் வைத்தான். மிக மெதுவாக, தூங்குகிற ஒன்றை வைப்பதுபோல வைத்தான். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான். வாதத்துக்காக அல்ல, பெஞ்சில் உட்கார்ந்து கேட்பானே, அதே குரலில், உண்மையிலேயே தெரியாமல்.

"கதவு திறந்துதான் இருந்துச்சு. காபி சூடா இருந்துச்சு. அவ்வளவு தூரம் வந்தவ ஏன் மச்சான் அந்த வளைவுலயே நின்னு திரும்பிப் போறா?"

"உன் குரலக் கேட்டு வர்றா, மாப்ள. வீடு கண்ணுக்குத் தெரியற முதல் இடம் அந்த வளைவு. அங்க நின்னு பாக்கறப்போ நீ தெரியணும். தெரியலேன்னா அதுக்கு மேல வரமாட்டா."