வெறும் வயிற்றுக்கு இரண்டு விலை

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் கால் மணிக்கு ஒரு சாண் சுருங்குவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரத்தம் கொடுத்துவிட்டுக் காபி குடித்தால் பழைய உயரம் வந்துவிடும். ரொம்ப நேரம் இழுத்தால் ஆளே காணாமல் போய்விடுவார். அதற்கென்று தனி ரெஜிஸ்டர் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பொற்கொடி அக்கா எட்டு மணிக்கு சுகர் டெஸ்டுக்குக் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். அவள் கூப்பிடவில்லை. ஆனால் அவளுக்கு சுகர் எவ்வளவு என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. யாராவது போய்த்தானே ஆக வேண்டும்.

வாசலிலேயே படிவம் கொடுத்தார்கள். வயிறு வெறும் வயிறுதான் என்று நேரில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க பாத்தீங்களாம்மா?" என்றார் செக்யூரிட்டி.

"எங்க அடுக்களை ஜன்னல்ல நின்னா இவங்க சாப்பாட்டு மேசை தெரியும். நேத்து ஏழு நாற்பதுக்கு மூணு இட்லி. எட்டேகாலுக்கு ஒரு லட்டு. அப்புறம் லைட்டை அணைச்சிட்டாங்க."

"லட்டை ஏண்டி சொல்ற?" என்றாள் அக்கா.

"கையெழுத்துப் போடுறேன்ல அக்கா. மறைக்கக் கூடாது."

கேஷ் கவுண்டரில் முந்நூற்றெண்பது ரூபாய் என்றார்கள். அக்காவிடம் மகன் எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் கார்டும் இருந்தது. மூன்று வருஷமாகப் பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் வைத்து வந்த கார்டு. ஒரு நாளும் வெளியே வந்ததில்லை.

"இதுல எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்துருவோம்."

இன்சூரன்ஸ் கவுண்டர் வராந்தாவின் மறுகோடியில் இருந்தது. அங்கே டை கட்டிய பையன் உட்கார்ந்திருந்தான்.

"இன்சூரன்ஸ்ல ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்."

"அதே ரத்தம்தானே தம்பி?"

"ரத்தம் அதேதான். விலை வேற."

"யாரு கட்டுவா?"

"கம்பெனி கட்டும். நீங்க பெட்ல படுத்தா."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாதவங்களுக்கும் பெட் இருக்கு. வாடகை நாலாயிரம்."

"அதையும் கம்பெனி கட்டுமா?"

"அதை கேஷ்ல கேளுங்க."

ஒரு கேள்விக்குப் பத்தடி வீதம் வராந்தா நீண்டிருந்தது. நடந்தோம். கேஷ் கவுண்டரில் இப்போது நானூற்றுப் பத்து.

"முன்னாடி முந்நூத்தெண்பதுன்னீங்க," என்றாள் அக்கா.

"அது இன்சூரன்ஸ் விலை தெரியாதவங்களுக்கு."

மறுபடி அங்கே. மறுபடி இங்கே. எட்டரைக்கு அக்கா என் இடுப்பு உயரம் இருந்தாள். ஒன்பதுக்கு முழங்கால். சேலையும் கூடவே சுருங்கியது, அந்த வரைக்கும் மரியாதையான ஆஸ்பத்திரி. வராந்தாவின் நடுவில் புதிதாக ஒரு பஸ் ஸ்டாப் வந்திருந்தது. அக்காவைத் தூக்கி என் ஒயர்கூடையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"முப்பது ரூபாதான் அக்கா வித்தியாசம். கட்டிட்டு ரத்தத்தைக் குடுத்துருங்க. காணாமப் போயிடுவீங்க."

"முப்பது ரூபாய்க்கு ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ வெண்டைக்காயும் வரும்டி," என்றது கூடை.

அடுத்த முறை எட்டிப் பார்த்தபோது அவள் கட்டைவிரல் அளவு இருந்தாள். குரல் கொசு மாதிரி கேட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இவளும் போய்விட்டால் நாளைக்கு யாரைப் பற்றிப் பேசுவது?

கூடையோடு லேபுக்கு ஓடினேன். அங்கிருந்த செலின் சிஸ்டர் லென்ஸை வைத்துக்கொண்டு, மெல்லிய ஊசியால் அக்காவின் கையைத் தொட்டார். ஒரு சொட்டு வந்தது.

"டியூபுக்குத்தான் ரேட் போட்டிருக்கு. சொட்டுக்கு ரேட் இல்ல," என்றார்.

"அப்படின்னா?" என்றது கொசுக்குரல்.

"பில் போட முடியாது. கெளம்புங்க."

காலையிலிருந்து அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். பற்கள் கடுகு மாதிரி தெரிந்தன.

கேன்டீனில் காபியை ஸ்பூனால் ஊட்டினேன். வளர்ந்தாள். டம்ளர் காலியானபோது பத்து வயசுப் பிள்ளை உயரத்தில் நின்றுவிட்டாள்.

"இன்னொரு காபி குடிச்சா முழுசா வந்துரலாம் அக்கா."

"இருபத்தஞ்சு ரூபா. மிச்சத்தை வீட்டுல போய் வளந்துக்கறேன்."

அந்த ஒரு சொட்டுக்கு சிஸ்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை நான் படிக்கவில்லை. கண்ணில் பட்டது. நூற்றெட்டு. அர்ச்சனை மாதிரி ஒரு எண். இதைப் போய்த் தெருவில் எப்படிச் சொல்வது? லட்டைத்தான் சொல்ல வேண்டும்.

வராந்தாவில் பஸ் வந்தது. ஏறினோம். கண்டக்டர் அக்காவைப் பார்த்து, "பாப்பாவுக்கு அரை டிக்கெட்டா?" என்றார்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே?" என்றாள் அக்கா.

"ஃப்ரீதான்."

"அப்ப ஃப்ரீயில பாதி எவ்வளவு?"

கண்டக்டர் யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். பிறகு தோல் பையைத் திறந்து இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொரு முடிச்சிலிருந்து குங்குமம் ஒட்டிய கார்டை எடுத்தாள்.

"தம்பி, இதுல வாங்குனா எவ்வளவு கிடைக்கும்?"

எங்களுக்கும் டிரைவருக்கும் நடுவே ஒரு ஜன்னல் கூடியது. பஸ் நீளத் தொடங்கியது.